படகுக்கு வந்த சித்தப்பா

என் தம்பி தானாக எழுந்துபோய் டீ கிளாஸ்களைக் கழுவினான். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து தான் குடித்த டம்ளரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைக்காதவன் அவன். அவன் மனைவியோ, "அண்ணி, நீங்க உட்காருங்க, நான் காய் நறுக்கறேன்" என்கிறாள். போன தடவை இதே படகில் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த டீசல் நாத்தத்துல எப்படித்தான் சோறு இறங்குதோ" என்று கேட்ட மகராசி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அன்று நான்தான் ஆடு. ஆட்டுக்கு அந்தக் கதை ஞாபகம் வருவதில்லை.

காரணம் அம்மா. அம்மா அன்றுதான் முதல் தடவையாக என் படகுக்கு வந்திருந்தாள். "தண்ணி மேல குடித்தனமா? ஊரே சிரிக்கும்" என்று இத்தனை வருஷமாகக் கரையில் நின்றே என்னைப் பார்த்துவிட்டுப் போனவள். "ஞாயித்துக்கிழமை எல்லாரும் வரோம், ஆத்துல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போ, அம்மாவும் வரேங்கறா" என்று தம்பி போனில் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை முழுக்கத் தரையைத் தேய்த்தேன். திரைச்சீலையைத் துவைத்தேன். மீன் வாங்கினேன். கல்யாண வீடு மாதிரி ஓடினேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இந்தப் படகு ஒரு காலத்தில் மணல் ஏற்றியது. புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு நான் திரும்பி வந்த வருஷம், துருப்பிடித்துக் கரையோரம் கிடந்ததை நானும் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். "உனக்குன்னு ஒரு இடம் வேணும்க்கா" என்று சொன்னவன் அவன்தான். அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அதற்கப்புறம் அவன் ஒரு ஆணி அடித்ததில்லை. நான் படகுப் பட்டறையில் வெல்டர். பகலெல்லாம் அடுத்தவர் படகை ஒட்டுவேன், சாயங்காலம் வந்து என் படகை ஒட்டுவேன். ஓட்டைத் தகடுகளை வெட்டி எடுத்தது, புதுத் தகடு வைத்தது, மணல் கொட்டிய இடத்தில் சமையல் மேடையும் கட்டிலும் போட்டது எல்லாம் இந்தக் கைதான். கையில் இருக்கிற தழும்புகளைப் பார்த்தால் எந்தத் தழும்பு எந்தத் தகட்டுக்கு என்று சொல்லுவேன்.

அவர்கள் ஏறிய விதத்தைச் சொல்ல வேண்டும். படகில் ஏறத் தெரியாதவன் எப்போதும் முனையில்தான் கால் வைப்பான். படகு சாயும், அவன் அலறுவான். தம்பி மனைவி அலறினாள். தம்பி அவளைப் பிடிக்கப் போய் அவனும் அலறினான். அப்புறம் உள்ளே இறங்கும் படிக்கட்டு. அதற்கு மேலே குறுக்காக ஒரு இரும்புச் சட்டம் போகிறது. புதிதாக வருகிற எல்லாரும் அதில் ஒருமுறை மண்டையை இடித்துக்கொள்வார்கள், அதுதான் இந்த வீட்டின் வரவேற்பு. நான் "குனி, குனி" என்று கத்தக் கத்த அம்மா நிமிர்ந்தே போய் இடித்துக்கொண்டாள். "என்னடி இது, வாசல்லயே அடிக்குது" என்று நெற்றியைத் தேய்த்தாள்.

ஐந்தாவதாக ஒரு ஆள். தம்பி மனைவியின் சித்தப்பாவாம். வெளியூரிலிருந்து வந்திருக்கிறாராம். "பாவம் அண்ணி, தண்ணின்னாலே பயப்படுவார். வீட்ல தனியா விட்டுட்டு வர மனசு வரல" என்றாள். தண்ணீருக்குப் பயப்படுகிற சித்தப்பா என்ன செய்தார் தெரியுமா? முனைக்குப் போகவில்லை. நேராக நடுப்பகுதிக்கு வந்து, படகு ஒருமுறை ஆடி மேலே வரும்வரை காத்திருந்து, வந்ததும் பூ வைப்பதுபோல் காலை வைத்தார். உள்ளே இறங்கும்போது யாரும் சொல்லாமலே தலையைக் குனிந்தார். வாழ்க்கையில் பாதியைப் படகுகளில் கழித்தவனுக்குத்தான் அந்தக் கழுத்து இருக்கும்.

மனதில் ஏதோ நெருடியது. ஆனால் அதே சமயம் அம்மா என் கட்டிலருகே நின்று அதை அளந்துகொண்டிருந்தாள். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, சாண் சாணாக, வாய்க்குள் எண்ணிக்கொண்டு. அப்புறம் அகலத்தையும் அளந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லடி. சும்மாதான்" என்றாள். எனக்கு ஒரு புது விரிப்பு வாங்கித் தரப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள். பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து அம்மா எனக்கென்று எதுவும் வாங்கித் தந்ததில்லை. ஒரு விரிப்புக்காக நான் அந்தச் சித்தப்பாவை மறந்தேன்.

கயிற்றை அவிழ்த்துப் படகை வெளியே எடுத்தேன். நகரம் பின்னால் போயிற்று. கிடங்குகளின் பின்சுவர்கள், மாடிகளில் காய்கிற துணிகள், தலைக்கு மேலே பாலத்தில் பஸ் போகிற அதிர்வு. நான் சுக்கான் பிடித்து நின்றேன். அம்மா ஒரு நாற்காலியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் கட்டடம் என்ன, இந்தப் புகை எங்கேர்ந்து வருது" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். கேட்காததையும் சொன்னேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். டொக். டொக்.

எஞ்சின் சத்தத்துக்கு நடுவே அடித்தளத்திலிருந்து வந்தது. வேறு யாராவது இருந்தால் ஏதோ கட்டை மிதந்து வந்து இடிக்கிறது என்று நினைத்திருப்பார்கள். கட்டை இடித்தால் அது தன் இஷ்டத்துக்கு இடிக்கும். இது ஒரு சாண் விட்டு ஒரு சாண், பின்னாலிருந்து முன்னால் வந்தது. தகட்டைத் தட்டிப் பார்க்கிற தட்டு. நல்ல தகடு மணி மாதிரி பேசும், தேய்ந்த தகடு தொண்டை கட்டினவன் மாதிரி பேசும். பட்டறையில் பழைய படகு விலைக்கு வந்தால் வாங்குகிறவன் முதலில் செய்கிற வேலை இதுதான். சாவியாலோ சுத்தியாலோ தட்டிக்கொண்டே போவான். மூன்றாவது தகடு வந்தது. என் மூன்றாவது தகடு கொஞ்சம் தேய்ந்தது, எனக்குத் தெரியும். அங்கே தட்டு நின்றது. திரும்பத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.

"சித்தப்பா எங்க?" என்று கேட்டேன்.

"கை கழுவப் போனார்க்கா" என்றான் தம்பி, என் முகத்தைப் பார்க்காமல்.

கை கழுவத் தரைப் பலகையைத் தூக்க வேண்டுமா? எனக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. டீ கிளாஸ், காய் நறுக்குவது, தண்ணீர்ப் பயம், ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. படகை ஓட விட்டுப் பார்க்க வாங்குகிறவனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஓட்டிக் காட்டுவதற்கு நான். சமைத்துப் போடுவதற்கும் நான். என் வீட்டை விற்கிற வேலையில் என்னையே கூலி இல்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்கள்.

சுக்கானை விட்டுவிட்டுப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். எதிரே சரக்குப் படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆற்றில் கோபப்படுவதற்குக்கூட இடம் பார்த்துத்தான் கோபப்பட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு வழி விட்டேன். வளைவு தாண்டி, தண்ணீர் அடங்கிய இடத்தில் நங்கூரம் போட்டேன். "சாப்பிடலாம்" என்றேன். என் குரல் எனக்கே நல்ல குரலாகக் கேட்டது.

கீழே வைத்து எல்லாருக்கும் பரிமாறினேன். சித்தப்பாவுக்குப் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தேன். அவர் முதல் கவளத்தை வாயில் போட்டதும் சாதாரணமாகக் கேட்டேன்.

"மூணாவது தகடு எப்படி இருக்கு?"

"கொஞ்சம் மந்தமாத்தான் பேசுது" என்றார் அவர், மீனைப் பார்த்துக்கொண்டே. "மத்ததெல்லாம் பிரமாதம். வெல்டிங் யாரு பண்ணது? கை சுத்தமான கை."

அப்புறம்தான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கு உறைத்தது. கவளம் தொண்டையில் நின்றது. தம்பி மனைவி தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள். தம்பி தட்டில் இல்லாத முள்ளைத் தேடினான்.

"சொல்லுங்க சித்தப்பா," என்றேன். "தண்ணியைக் கண்டா பயம்னாங்க. தகட்டைக் கண்டா பயமில்லையோ?"

"அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன்..." என்று தம்பி ஆரம்பித்தான்.

"எப்ப? படகு போனப்புறமா?"

"கத்தாதக்கா. சாப்பிட்டு முடிச்சதும் பொறுமையா பேசலாம்னு இருந்தோம். எனக்கும் தேவை இருக்கு. பாதி என்னுது. நான் கேட்டா நீ ஒத்துக்க மாட்டே, அதான் ஆளு வந்து பார்த்துட்டு நல்ல விலை சொன்னா..."

"அதான் பொய் சொல்லி ஏறினியா? என்கிட்ட நேரா வந்து, அக்கா எனக்குக் கஷ்டம், விக்கலாம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ஆமா, போட்டிருப்பேன். ஆனா என்னைச் சமைக்க வச்சு, ஓட்ட வச்சு, சிரிக்க வச்சு... வெக்கமா இல்லையாடா உனக்கு?"

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். இவன் ஆற்றைக் கடக்கிற வரைகூடப் பொறுக்கவில்லை.

அம்மா வாயைத் திறந்தாள். "அவனைத் திட்டாதடி. எனக்கும் தெரியும்."

அது வரைக்கும் எனக்கு வந்தது ஒரு கோபம். அதற்குமேல் வந்தது வேறு கோபம். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் எறிந்திருப்பேன்.

"உனக்கும் தெரியுமா?"

"நீ இப்படித் தண்ணியில தனியா கிடக்கறது எனக்குப் பிடிக்கல. ஒரு காய்ச்சல்னா யார் இருக்கா? வீட்டோட வந்து இரு. உனக்கு ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கோம்."

"எந்த ரூம்?"

தம்பி மனைவிதான் முந்திக்கொண்டு சொன்னாள். "துணி துவைக்கிற மெஷின் இருக்குல்ல அண்ணி, அந்த ரூம். மெஷினை ஓரமா தள்ளிட்டா கட்டில் தாராளமா போடலாம். அத்தை இப்பக்கூட அளவு பார்த்தாங்களே."

அந்த அறையை எனக்குத் தெரியும். ஜன்னல் கிடையாது. மேலே ஒரு துவாரம், அதில் ஒரு விசிறி, அது சுற்றினால் ஈரத் துணி நாற்றம் வீடெல்லாம் வரும். என் விரிப்பு அங்கே போயிற்று. சாண் சாணாக அளந்தது அதற்குத்தான்.

"அந்த ரூம்ல நாய் படுக்குமாடி?" என்று கத்தினேன். "கேக்கறேன், ஒரு நாய் படுக்குமா?"

"நான் படுக்கறேனே" என்றாள் அம்மா.

தண்ணீர் படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது.

நான் கடைசியாக அந்த வீட்டுக்குப் போனபோது அம்மா ஜன்னல் வைத்த அறையில் இருந்தாள். ஜன்னலில் துளசி மாதிரி ஏதோ ஒரு செடிகூட வைத்திருந்தாள். நான் தம்பியைப் பார்த்தேன்.

"இவளுக்கு வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை. மீட்டிங்குக்கு வெளிச்சம் வேணும்" என்றான் அவன், மனைவியைக் காட்டி. "கொஞ்ச நாளைக்குத்தான்னு..."

"எத்தனை நாளா?"

அம்மா குறுக்கிட்டாள். "நீயும் வந்தா ரெண்டு கட்டில் ஆகுமான்னுதான் பார்த்தேன்" என்றாள் மெதுவாக. "ராத்திரியில பேச ஒரு ஆளு இருக்கும்னு."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, முன்னே வந்ததெல்லாம் விளையாட்டு என்கிற மாதிரி. பெற்றவளை மெஷினோடு சேர்த்து அடைத்துவிட்டு, அவளைக் கொண்டே என்னையும் அதற்குள் இழுக்கப் பார்த்திருக்கிறான். அவளும் இருட்டுக்குத் துணை வேண்டும் என்று என் ஜன்னல்களை விற்க வந்திருக்கிறாள். யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் எழுந்தேன். கருவி அலமாரியில் தகடு வெட்டக் கோடு போடுகிற சுண்ணாம்புக் கட்டி இருந்தது. எடுத்தேன். சுவரிலிருந்து ஆரம்பித்துத் தரை வழியாக, தட்டுகளுக்கு நடுவே, எதிர்ச் சுவர் வரை ஒரே கோடாக இழுத்தேன். என் கோடு எப்போதும் கோணாது.

"பாதி உன்னுதுன்னியே. நான் இல்லேன்னு சொல்லவே இல்ல. இந்தா, கோடு போட்டாச்சு. நாளைக்குக் கரையேத்தி வெட்டித் தரேன். வெட்டற மெஷினும் என்கிட்டத்தான் இருக்கு, வெட்டற கையும் என்கிட்டத்தான் இருக்கு. எந்தப் பாதி வேணும் சொல்லு. எஞ்சின் இருக்கற பாதியா, அடுப்பு இருக்கற பாதியா?"

"அக்கா, பைத்தியம் மாதிரி பேசாத."

"பைத்தியம்தான். உன் பாதியைத் தலையில தூக்கிட்டுப் போய் உன் பிளாட் வாசல்ல வை. மணல் போட்டுச் செடி வளர்க்கலாம்."

"கோர்ட்டுக்குப் போனா எனக்குப் பங்கு உண்டு."

"போ. போய், அம்மாவை எங்க படுக்க வச்சிருக்கேங்கறதையும் அங்க சொல்லு."

இதற்குள் சித்தப்பா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் முகமும் சிவந்திருந்தது. கோபம் எனக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்ப்பா," என்று தம்பியைக் கேட்டார், "அக்காவுக்குச் சம்மதம், சும்மா சஸ்பென்ஸா இருக்கட்டும்னுதான் சித்தப்பா வேஷம்னு சொன்னே. இங்க வந்து பார்த்தா வெட்டுக் குத்தா இருக்கு. முப்பது வருஷமா படகு வாங்கி விக்கிறேன், தகராறு இருக்கற படகைத் தொட்டதில்ல. யார் வீட்டுச் சண்டைக்கோ என்னை எதுக்குய்யா சித்தப்பா ஆக்கினே?" பிறகு என் பக்கம் திரும்பினார். "மீன் நல்லா இருந்துதும்மா. என்னை எங்கயாவது இறக்கி விட்டுடு."

"எல்லாரையும்தான் இறக்கப் போறேன்" என்றேன்.

நட்டாற்றில் விட்டுவிட்டுப் போகிற குடும்பம் இது. நான் அப்படிச் செய்யவில்லை. நங்கூரத்தைத் தூக்கி, பஸ் நிற்கிற சாலையை ஒட்டி ஒரு சிமெண்டு மேடை உண்டு, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கயிற்றை வாங்கிக் கட்டியது சித்தப்பாதான். வேஷம் கலைந்துவிட்டது, இனி என்ன மறைப்பு? அவர் போட்ட முடிச்சு அழகாக இருந்தது. அவர் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். தம்பி மனைவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவையும் முனையில் கால் வைத்து, அலறிக்கொண்டே இறங்கினாள். தம்பி கரையில் நின்று கையை நீட்டினான்.

"அம்மா, வா."

அம்மா மறுபடி மேலே வந்து உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தாள்.

"அம்மா, பஸ் வந்துடும்."

"நீங்க போங்கடா."

"இங்க எப்படி இருப்பே? மாத்திரை?"

"பையில இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு என்னைப் பார்ப்பானே, அதே பார்வை. அப்போதெல்லாம் நான்தான் பழியை ஏற்றுக்கொள்வேன். இப்போது கயிற்றை அவிழ்த்து அவன் காலடியில் இருந்த இரும்புக் கட்டையிலிருந்து உருவினேன். "அந்த ரூம்ல நீ ஒரு ராத்திரி படுத்துப் பாரு," என்றேன். "அப்புறம் பங்கு பேசலாம்." படகு விலகியது. அவன் சின்னதாகிற வரை கையை நீட்டியபடியே நின்றான்.

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ பேசாத" என்றேன். "நீயும்தான் சேர்ந்து என்னை வித்தே. கட்டில்ல நீ படுத்துக்கோ, ஜன்னலைத் திறந்து வச்சுக்கோ. நான் தரையில படுத்துக்கறேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத. எனக்கு ஆறல."

"பேசல" என்றாள்.

எனக்கு உண்மையிலேயே ஆறவில்லை. நகரத்தை நோக்கித் திருப்பி ஓட்டினேன். அவன் கோர்ட்டுக்குப் போனாலும் போவான். வேறு சித்தப்பாவைக் கூட்டி வந்தாலும் வருவான். மூன்றாவது தகட்டை மாற்ற வேண்டும். கோட்டை அழிக்கக் கூடாது, கிடக்கட்டும் என்று நினைத்தேன். கீழே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது. அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் காலடி. அம்மா ஏறி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு டீ கிளாஸ், கண் முழுக்க டீ தளும்பக் கூடாது என்பதில். தலை மட்டும் நேராக அந்த இரும்புச் சட்டத்தை நோக்கி வந்தது.

பேசக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"குனிம்மா!" என்று கத்தினேன்.